முதல் நாளே தெரிந்த பிள்ளைகள்

பரஞ்சோதி சாருக்குத் தலை கொஞ்சம் பெரிசு. துறை அனுப்பியிருந்த தொப்பியோ சராசரி ஆசிரியரின் தலைக்கென்று அளவெடுத்துச் செய்தது. ஆய்வக உதவியாளர் அதை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துவிட்டு, காதோரம் கொஞ்சம் பஞ்சை வைத்துச் செருகி, ஆடாமல் உட்காரச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பொள்ளாச்சிப் பக்கத்து அரசு மேல்நிலைப்பள்ளி அது. ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை. வெளியே சாரல் விழுந்துகொண்டிருக்க, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவின் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஒவ்வொருவராக அவர் தலைக்குள் வந்து உட்கார்ந்தார்கள்.

அரசாணையில் அந்தத் தொப்பிக்கு 'மாணவர் பரிச்சயத் தொடர்ச்சிக் கருவி' என்று பெயர். அரசாணையைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொல்வதில்லை. விஷயம் இதுதான். பழைய வகுப்பாசிரியர் கோடை விடுமுறைக்கு முன்னால் ஒருமுறை அதை மாட்டிக்கொள்வார். பத்து மாதம் பழகியதில் அவருக்குள் ஊறிப்போன பரிச்சயமெல்லாம் அதில் பதிவாகும். ஜூன் மாதம் புது வகுப்பாசிரியர் மாட்டிக்கொண்டால் அது அப்படியே அவருக்குள் இறங்கிவிடும். முன்பெல்லாம் பெயர்களை மனதில் ஏற்றவே ஜூலை ஆகிவிடும். யாருக்குக் கரும்பலகை தெரியவில்லை, யார் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள், யாரை அதட்டினால் அழுவார்கள் என்பதெல்லாம் புரிவதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை மணி நேரம். திட்டம் தொடங்கி எட்டு வருடமாகிறது. நல்ல திட்டம்தான். கண்ணாடி கிடைத்த பிள்ளைகளும், காலைச் சாப்பாடு கிடைத்த பிள்ளைகளும் அதற்குச் சாட்சி.

ஒரே ஒரு சிக்கல். திட்டம் அறிவித்ததுமே யாரோ ஒரு பெற்றோர் வழக்குப் போட்டு, என் பிள்ளை பள்ளியில் என்ன செய்தது என்பது அதன் அந்தரங்கம் என்று தீர்ப்பு வாங்கிவிட்டார். அன்று முதல், நடந்த சம்பவங்களைக் கருவி வடிகட்டிவிடும். சம்பவத்தால் ஆசிரியருக்கு உண்டான அபிப்பிராயம் மட்டும் வந்து சேரும். அபிப்பிராயத்தின் மேல் யாரும் வழக்குப் போடவில்லை.

பரஞ்சோதி சார் வகுப்புக்குள் நுழைந்தார். இரண்டாம் பெஞ்சு மிதுலனைப் பார்த்ததும் சொந்த அக்கா மகனைப் பார்த்த மாதிரி அவருக்குப் பாசம் பொங்கியது. அவனை அதற்கு முன் அவர் பார்த்ததே கிடையாது. போன வருடத்து வகுப்பாசிரியை துளசிமணி டீச்சருக்கு மிதுலன் என்றால் உயிர். கடைசி பெஞ்சில் இரண்டு பையன்களைப் பார்த்ததும் காது மடல் சூடானது. ஏதோ செய்திருக்கிறார்கள். என்ன என்று தெரியாது, ஆனால் மன்னிக்க முடியவில்லை. இரண்டு பேரையும் தள்ளி உட்காரச் சொன்னார். ஏன் என்று கேட்காமல் அவர்களும் பையைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். கேட்டுப் பிரயோசனமில்லை என்பது அவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலேயே தெரிந்த விஷயம்.

ஒரு காலத்தில் முதல் நாள் என்றால் ஒவ்வொருவராக எழுந்து நின்று பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார், பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய் என்றெல்லாம் சொல்ல வேண்டும். முதலில் எழுந்தவன் கலெக்டர் என்று சொல்ல, வகுப்பே வரிசையாகக் கலெக்டர் ஆகும். தொப்பி வந்த பிறகு அந்த வழக்கம் ஒழிந்துவிட்டது. தெரிந்ததை எதற்குக் கேட்பது? தள்ளி உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவன், இந்த வருடமாவது ஒழுங்காகப் படிப்பதென்று மருதமலையில் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தான். அதை அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

வருகைப் பதிவு எடுத்துக்கொண்டே மூன்றாம் பெஞ்சின் ஓரத்துக்கு வந்தபோதுதான் சாருடைய வலது கை தானாக எழுந்து சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பொத்திக்கொண்டது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவள் நிறைமதி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, ஒல்லியான உருவம், கூர்மையான கண்கள். அவரைப் பார்த்ததும் அவள் செய்த முதல் காரியம், இரண்டு கைகளையும் எடுத்து பெஞ்சின் மேல் விரித்து வைத்துக்கொண்டதுதான். எல்லோரும் பார்க்கும்படி. அது அவளுக்குப் பழகிப்போன காரியம் என்பது தெரிந்தது.

பொய் சொல்வாள். கை சுத்தமில்லை. கவனம் தேவை. அவர் மனசு அப்படித்தான் சொன்னது. தொப்பி தந்த மற்ற அபிப்பிராயங்கள் எல்லாம் இரவல் சட்டை மாதிரி அங்கங்கே பிடித்தன. இது மட்டும் ஏனோ உடம்போடு ஒட்டி உட்கார்ந்தது.

அந்த வாரமே அவளால் அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. ஜவ்வாது மலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருபது நாள் வானியல் முகாம் நடத்துகிறார்கள். பள்ளிக்கு ஒருவர்தான். தனித் தொலைநோக்கி கொடுத்து, நீயே பார், நீயே குறி என்று விட்டுவிடுவார்களாம். பள்ளியில் விண்ணப்பம் போட்டது நிறைமதி ஒருத்திதான். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அடுத்த ஆறு மாதத்துக்கு நிலா எப்போது உதிக்கும் என்று அவளாகவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பரஞ்சோதி சார் நான்கு நாட்களுக்குச் சரிபார்த்தார். நான்கும் சரி. எங்கிருந்தோ பார்த்து எழுதியிருப்பாள் என்றது மனசு. கரும்பலகைக்குக் கூப்பிட்டு ஐந்தாவது நாளைப் போடச் சொன்னார். போட்டாள். மனப்பாடம் செய்திருப்பாள் என்றது மனசு. அப்படிப்பட்ட மனசை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வது?

விண்ணப்பத்தில் பதினோராவது கேள்வி வகுப்பாசிரியருக்கானது. 'இம்மாணவரைக் கண்காணிப்பின்றி நம்பி விடலாமா? ஆம் அல்லது இல்லை. காரணம் தருக.' போன வருடம் எங்கோ ஒரு முகாமில் ஒரு லென்ஸ் காணாமல் போய், 'ஆம்' என்று எழுதிய ஆசிரியர் மூன்று முறை விளக்கக் கடிதம் கொடுத்தாராம். தலைமையாசிரியர் குழந்தைவேலு கூப்பிட்டு, அடுத்த திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் படிவம் போக வேண்டும் என்றும், இல்லை என்று எழுதினால் யாருக்கும் வம்பில்லை என்றும் சொன்னார். எட்டு வருடமாக அவளைப் பற்றி எல்லோரும் எழுதியது அதுதானாம். கண்காட்சிக்கு இல்லை, சுற்றுலாவுக்கு இல்லை, நூலகப் பொறுப்புக்கு இல்லை.

பரஞ்சோதி சாருக்கு ஒரு பெருமை உண்டு. நடத்தைச் சான்றிதழைத் தவிர வேறெதிலும் பொய் எழுதியதில்லை. மனசு 'இல்லை' என்னும்போது கை எப்படி 'ஆம்' என்று எழுதும்? ஆனால் நான்கு நிலாவும் சரியாக உதித்ததே. அதுவும் உறுத்தியது. அவர் ஆசிரியர் அறைக்குப் போய், துளசிமணி டீச்சரின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டீச்சர், அந்த நிறைமதி என்ன பண்ணுச்சுங்க?"

டீச்சர் தேங்காய்ச் சாதத்தை வாயில் வைத்தபடியே யோசித்தார். "என்ன பண்ணுச்சுன்னா... ஒண்ணும் பண்ணலீங்க."

"அப்புறம் எப்படி?"

"எப்படின்னா, தெரியும்ங்க சார். மொத நாளே தெரிஞ்சுபோச்சு. நான் கைப்பையை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டுத்தான் அந்தக் கிளாசுக்கே போவேன். ஒரு தடவகூட எதுவும் காணாமப் போனதில்ல." கொஞ்சம் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்: "பூட்டி வெச்சதனாலதான்."

ஏழாம் வகுப்பு வெள்ளியங்கிரி சாரிடம் போனார். அவர் சட்டம் தெரிந்தவர். சம்பவத்தைக் கேட்பதே தப்பு, கேட்டால் சொல்வது அதைவிடத் தப்பு என்று எச்சரித்துவிட்டு, உண்மையில் தனக்குச் சொல்வதற்கு எதுவுமில்லை என்றும் ஒத்துக்கொண்டார். அவருக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து தொப்பியில் வந்ததுதான். வந்தபோது அவ்வளவு கனமில்லை, வெறும் 'பொய் சொல்வாள்' என்றுதான் இருந்தது. 'கை சுத்தமில்லை' என்பது தன்னிடம் வந்த பிறகு எப்படியோ சேர்ந்துகொண்டது என்றார். ஒரு வருடம் முழுவதும் ஒருத்தியைக் கவனித்துக்கொண்டே இருந்தால் அப்படித் தோன்றாமல் இருக்குமா என்று திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயம்தான். ஆறாம் வகுப்பு டீச்சர் தொடக்கப்பள்ளியைக் கைகாட்டினார்.

சனிக்கிழமை பரஞ்சோதி சார் வண்டியை எடுத்துக்கொண்டு ஆனைமலைச் சாலையில் ஒன்பது கிலோமீட்டர் போனார். தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இரண்டு ஆசிரியர் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஆசிரியர் பயிற்சி படித்தபோது அந்தப் பக்கத்தில் நாலைந்து பள்ளிகளில் அவர் பாடம் எடுத்திருக்கிறார். எல்லாம் ஒரே ஓட்டுக் கட்டடம், ஒரே மஞ்சள் சுண்ணாம்பு. எது எது என்று இப்போது நினைவில்லை. ரேணுகா டீச்சர் அங்கே தலைமையாசிரியை. நிறைமதிக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். மேல்நிலைப்பள்ளிக் கணக்கு வாத்தியார் ஒருவர் ஒரு பிள்ளைக்காக விடுமுறை நாளில் வண்டியோட்டி வந்திருக்கிறார் என்பதே அவருக்கு அதிசயமாக இருந்தது. இளநீர் வெட்டிக் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்துவிட்டார்.

"எனக்கும் அது தொப்பியில வந்ததுதானுங்க சார்."

"ஒண்ணாங்கிளாசுக்கு முன்னாடி ஏதுங்க டீச்சர் தொப்பி?"

"அந்த வருசம் நான் பேறுகால லீவுங்க. பயிற்சிக்கு வந்த பையன் ஒருத்தன்தான் நாப்பது நாள் கிளாஸ் எடுத்தாப்ல. தொப்பி அப்பத்தான் சோதனைக்கு இங்க வந்துச்சு. போறப்ப அவன் தலையில மாட்டிப் பதிஞ்சு வெச்சிருந்தாங்க. நான் வந்து மாட்டுனேன். முப்பது புள்ளைங்க மேலயும் அப்படிப் பாசமுங்க அந்தப் பையனுக்கு. இந்த ஒரு புள்ள மேல மட்டும் என்னமோ ஆறாத கோபம்."

டீச்சர் பீரோவைத் திறந்து பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை ஓட்டினார்.

"இதோ. பரஞ்சோதின்னு ஒரு பையனுங்க." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "உங்க பேர் என்னன்னு கேக்கவே மறந்துட்டேன் பாருங்க."

"கணக்கு சாருங்க" என்றார் பரஞ்சோதி. பொய் இல்லைதான். உண்மை என்றும் சொல்ல முடியாது. மீதி இளநீரை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. இருபத்திரண்டு வயது. பயிற்சிக் கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் பாடத்தைப் பார்வையிட வரும் நாள். 'ம' எழுத்து நடத்துவதற்குத் துணைக்கருவியாக அவர் மண்ணில் ஒரு மாம்பழம் செய்திருந்தார். மூன்று நாள் உழைப்பு. மஞ்சளில் சிவப்பைக் குழைத்துத் தடவி, காம்பில் நிஜ மாவிலையை ஒட்டி, கொஞ்சம் எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கி, பார்த்தால் எச்சில் ஊறும்படி செய்து மேஜையில் வைத்திருந்தார். விரிவுரையாளர் வந்து உட்கார்ந்தார். மாம்பழத்தைக் காணோம். யார் எடுத்தது என்று கேட்டதற்கு வகுப்பே வாயடைத்து உட்கார்ந்திருக்க, முன்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் எழுந்து, அணில் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றது. விரிவுரையாளர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. மதிப்பெண்ணில் எட்டு போனது.

ஒரு மாதம் அந்தக் கோபம் அவருக்கு ஆறவில்லை. பிறகு ஆறியது, மறந்தும் போனது. மாம்பழத்தின் நிறம்கூட நினைவிருந்தது, குழந்தையின் முகம் நினைவில்லை. ஆனால் தொப்பி எதையும் மறக்கிற ஜாதி இல்லை. அவர் கோபத்தைப் பல கை மாற்றி, கை மாறும்தோறும் கொஞ்சம் கனம் ஏற்றி, பத்திரமாக அவரிடமே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. ஒரு மண் மாம்பழத்துக்கு எட்டு வருடம். பரஞ்சோதி சாருக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. ரோட்டில் போன பால்வண்டிக்காரர் நிறுத்தி, பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் ஒத்திகை பார்த்தார். வாத்தியார் மாணவியிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. பாவம், அணில் உண்மையாகவே தூக்கிக்கொண்டு போயிருக்கும். தென்னந்தோப்பில் அணிலுக்கா பஞ்சம்? உண்மை சொன்ன குழந்தையைப் பொய்க்காரி ஆக்கிவிட்டோமே என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிறைமதியைக் கணித ஆய்வகத்துக்கு வரச் சொன்னார். வந்தாள். நின்றாள். கைகளை மேஜையின் மேல் விரித்து வைத்தாள். அவர் எதிரில் படிவம் இருந்தது. பதினோராவது கேள்வி காலியாக இருந்தது.

"கையை எடும்மா" என்றார். அதற்கு மேல் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. தட்டுத்தடுமாறி, பயிற்சிக்கு வந்தது, மாம்பழம் செய்தது, விரிவுரையாளர் சிரித்தது, தொப்பியில் கோபம் பதிந்தது, அது ரேணுகா டீச்சர் முதல் துளசிமணி டீச்சர் வரை போனது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சம்பவத்தைச் சொல்வது சட்டப்படி குற்றம் என்பது நடுவில் ஞாபகம் வந்தது. பரவாயில்லை என்று மேலே சொன்னார். "நீ சின்னப் புள்ள. கண்ணால பாத்ததச் சொன்ன. நான்தான் நம்பல. என்னை மன்னிச்சிரு தாயி."

நிறைமதி மேஜையிலிருந்து கைகளை மெல்ல எடுத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே சத்துணவுக் கூடத்தில் தட்டுகள் கழுவும் சத்தம் கேட்டது.

"அணில் எடுக்கலீங் சார்" என்றாள்.

"என்னது?"

"நான்தானுங்க எடுத்தேன்."

பரஞ்சோதி சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நெசப் பழம்னு நெனச்சனுங்க. நீங்க அந்தப் பக்கம் திரும்பினப்ப எடுத்துக் கடிச்சுட்டேன். மண்ணு. அப்ப எனக்கு முன்பல்லு ஆடிட்டு இருந்துச்சுங்க. அது அப்படியே பழத்துல நின்னுக்குச்சு. பயந்துபோயி பாவாடைக்குள்ள மறைச்சு வெச்சு, சாயங்காலம் கக்கூசு பின்னாடி குழி தோண்டிப் புதைச்சுட்டேன்."

"பல்லோடயா?"

"பல்லோடதானுங்க."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு வலியும் வந்தது. அந்த வகுப்பில் முப்பது பேர் இருந்தார்கள். ஒரு குழந்தைக்கு வாயில் ரத்தம் வந்ததை அவர் பார்க்கவில்லை. மாம்பழத்தைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இத்தன வருசமா ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி ஒரு பார்வை.

"யாருங் சார் கேட்டாங்க? எல்லாருக்குந்தான் மொத நாளே தெரிஞ்சிருந்துச்சே."

பரஞ்சோதி சார் பேனாவை எடுத்தார். உள்ளுக்குள் அந்தப் பழைய சந்தேகம் அசையாமல் அப்படியேதான் உட்கார்ந்திருந்தது. காரணம் தெரிந்ததும் ஓடிப்போக அதற்கென்ன மானமா ரோஷமா? கூடவே, இவள் எடுத்தது உண்மைதானே என்று சட்டம் வேறு பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டார். 'இல்லை' என்பதைக் கோடு போட்டு அழுத்தி அடித்தார்; 'ஆம்' மட்டும் மிஞ்சியது. தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்று, தபால் போகிற நேரமாயிற்று, இன்னும் எழுதவில்லையா என்று கேட்டார். காரணத்துக்கென்று ஆறு வரி இடம் விட்டிருந்தார்கள். பரஞ்சோதி சார் இரண்டு வரிதான் எழுதினார்.

'கேட்டால் உண்மையைச் சொல்கிறாள். இதுவரை யாரும் கேட்கவில்லை.'